தட்டு ஒன்று கூடுதல்: ஃபின்லாந்திலிருந்து ‘ஃபாலன் லீவ்ஸ்’

சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பால் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்ப்போம். பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால் என்று அடுக்கியிருக்கிறார்களா என்று கண் தானாகப் போகும். நான் அந்த வேலையை விட்டது 2017-ல். வியாதி மட்டும் இன்னும் விட்டபாடில்லை. அதனால்தானோ என்னவோ, இந்தப் படத்தில் ஒரு பெண் கடை ரேக்குகளுக்கு நடுவே சரக்கோடு நிற்பதையும், செக்யூரிட்டி அவளையே முறைத்துக்கொண்டு நிற்பதையும் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷம் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

திருப்பூரில் நண்பர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் போடுகிறார்கள். ஒரு அச்சகத்துக்கு மேல் மாடி, வெள்ளைத் துணி, இரவல் புரொஜக்டர், இருபத்தைந்து பிளாஸ்டிக் நாற்காலி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். முடிந்ததும் பத்து ரூபாய் டீ. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். “என்ன படம்?” என்றார். “காதல் படம், காமெடியும் இருக்குமாம்” என்றேன். கால் மணி நேரம் போனதும் என் காதருகே குனிந்து, “என்ன புள்ள, ஒருத்தனும் வாயவே தெறக்க மாட்டேங்கறான், இதக் காமெடிங்கற?” என்று கேட்டார். அடுத்த பத்தாவது நிமிஷத்தில் அந்த மாடியிலேயே சத்தமாகச் சிரித்தது அவர்தான்.

படத்தின் ஃபின்னிஷ் பெயருக்கு ‘செத்த இலைகள்’ என்று அர்த்தம். 2023-ல் வந்தது, 81 நிமிஷம். எழுதி இயக்கியவர் அகி கவுரிஸ்மாகி. சினிமாவுக்கு வருவதற்கு முன் தபால்காரராக இருந்தவர், பாத்திரம் கழுவியவர். 2017-ல் ஒரு படம் எடுத்துவிட்டு, இதோடு சரி, இனிமேல் இல்லை என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார். ஆறு வருஷம் கழித்து இதோடு திரும்பி வந்தார். கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு கிடைத்தது. ஆஸ்கருக்கு ஃபின்லாந்து சார்பில் போய் கடைசிப் பதினைந்து படங்களின் பட்டியல் வரை வந்து நின்றுவிட்டது. எண்பதுகளில் கூலி வேலை செய்பவர்களை வைத்து மூன்று படங்கள் வரிசையாக எடுக்கத் தொடங்கினார். 1986-ல் வந்த முதல் படத்தில் குப்பை லாரி ஓட்டுகிறவனுக்கும் சூப்பர் மார்க்கெட் கேஷியருக்கும் காதல். மூன்றாவது 1990-ல் முடிந்தது. முப்பத்து மூன்று வருஷம் கழித்து அந்த வரிசைக்கு நாலாவது. மறுபடியும் சூப்பர் மார்க்கெட்டிலேயே வந்து நிற்கிறது.

இனி கதையைச் சொல்லப் போகிறேன், முடிவு உட்பட. சஸ்பென்ஸ் படம் இல்லை, தெரிந்துகொண்டு பார்த்தாலும் ஒன்றும் குறையாது. வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஹெல்சிங்கி. அன்சா தனியாக இருக்கிறாள், சூப்பர் மார்க்கெட்டில் வேலை. ஹொலப்பா இரும்புப் பட்டறையில் துரு நீக்குகிற வேலை செய்கிறான், கம்பெனி கொடுத்த அறையில் இன்னும் சிலரோடு தங்கியிருக்கிறான். இருவருக்கும் இளமை தாண்டிவிட்டது. இந்த ஜோடி பொருந்தாத ஜோடியாக இருப்பதற்கு நம் படங்களில் வருகிற காரணம் எதுவும் இல்லை. பணக்காரி-ஏழை இல்லை, ஜாதி இல்லை, மதம் இல்லை. இரண்டு பேரும் ஒரே தட்டுக்காரர்கள்தான். ஆனால் இரண்டு பேருக்கும் பேச வராது. ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. அவனுக்குக் குடி இல்லாமல் முடியாது, அவளுக்குக் குடிகாரன் ஆகாது. அவ்வளவுதான் தடை. அது எவ்வளவு பெரிய தடை என்பது குடிக்கிற ஆள் இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

அன்சாவின் வேலை போகிற விதத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். தேதி முடிந்த சாப்பாட்டைக் குப்பையில் போட வேண்டும், அது கடையின் விதி. குப்பைத் தொட்டி பக்கம் பசியோடு நிற்கிற ஒருவனுக்கு அதை எடுத்துக்கொள்ள விடுகிறாள். செக்யூரிட்டி பார்த்துவிடுகிறான். அப்புறம் அவள் கைப்பையைத் திறக்கச் சொல்கிறார்கள். உள்ளே தேதி முடிந்த ஏதோ ஒரு தின்பண்டம். உடனே வேலை இல்லை. நோட்டீஸ் கிடையாது, ஏனென்றால் அவளுக்கு இருப்பது மணிக் கணக்கு ஒப்பந்தம், கூப்பிட்டால் வரலாம், கூப்பிடாவிட்டால் ஒன்றும் இல்லை. அப்போது கூட வேலை செய்யும் தோழி லீசாவும் தன் பையிலிருந்து ஒரு தேதி முடிந்த சாமானை எடுத்துக் காட்டிவிட்டுக் கூடவே வெளியே வருகிறாள். வீர வசனம் இல்லை, பின்னணி இசை ஏறவில்லை. பையைத் திறந்தாள், காட்டினாள், நடந்தாள்.

நான் இருந்த கடையில் (ஊரும் பேரும் வேண்டாம்) இதற்கு ‘டேமேஜ் எழுதுவது’ என்று பெயர். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஷட்டர் பாதி இறங்கினதும் நாங்கள் நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து, தேதி முடிந்த பிஸ்கட்டையும் பிரெட்டையும் நோட்டில் எழுதி, பாக்கெட்டைக் கிழித்துத் தொட்டியில் கொட்டுவோம். கிழிக்காமல் போடக் கூடாது, யாராவது எடுத்துத் தின்றுவிடுவார்களாம். மத்தியானம் இரண்டரைக்குச் சாப்பிட்ட வயிறு. கிரீம் பிஸ்கட்டின் வாசனை மூக்கில் ஏறும். அப்புறம் வெளியே போகும்போது வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கச் சொல்வார்கள். ஒரு நாள் ஒரு அக்காவின் டிபன் பாக்ஸில் இரண்டு ரஸ்க் இருந்தது. பொடிந்த ரஸ்க். மறுநாள் அந்த அக்கா வரவில்லை. எங்களில் ஒருத்தியும் பையைத் திறந்து எதையும் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நின்றோம். லீசா நடந்து போகிற அந்தக் காட்சியில் மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். நான் இருந்தபோது ஸ்டூல் என்ற பேச்சே கிடையாது. அன்சா வீட்டுக்கு வந்து உட்காருகிற விதத்தைப் பாருங்கள். நடிகை அல்மா போய்ஸ்தி அதற்கென்று எதுவும் செய்வதில்லை, காலை நீவிவிடவில்லை, பெருமூச்சு விடவில்லை. உடம்பு உட்காருகிறது, அவ்வளவுதான். அது நாள் முழுக்க நின்ற உடம்பு.

ஹொலப்பா பக்கம் போவோம். யுஸ்ஸி வதானென் நடித்திருக்கிறார். வேலைக்கு நடுவில் ஒளித்து வைத்த பாட்டிலை எடுத்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு மறுபடி முகமூடியை மாட்டிக்கொள்கிறான். ஏன் குடிக்கிறாய் என்று நண்பன் கேட்கிறான். மனசு சரியில்லை என்கிறான். மனசு ஏன் சரியில்லை? குடிப்பதால். இதைச் சொல்லும்போது இரண்டு பேர் முகத்திலும் ஒரு சுருக்கம்கூட இல்லை. இங்கேதான் என் வீட்டுக்காரர் முதல் தடவை சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பட்டறையில் பழைய குழாய் வெடித்து அவனுக்கு அடிபடுகிறது. ரத்தத்தில் சாராயம் இருந்ததைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்டு அனுப்புகிறார்கள். குழாய் பழசு என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. “பாத்தியா, குழாய் கம்பெனிது. கேஸ் மட்டும் அவம் மேல” என்றார் இவர். பதினாறு வருஷம் மெஷின்களுக்கு நடுவே இருந்தவர். ஊசி விரலில் ஏறினால் முதலில் யாரைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவன் குடித்திருந்தான் என்பதும் உண்மை. படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுகிறது.

இரண்டு பேரும் முதலில் ஒருவரை ஒருவர் பார்ப்பது வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு கரோக்கே பாரில். ஹொலப்பாவை இழுத்துக்கொண்டு வருகிறவன் அவன் கூட்டாளி ஹுவோதாரி. ஆண்பிள்ளைகள் பாட மாட்டார்கள் என்பது ஹொலப்பாவின் கட்சி. ஹுவோதாரி மேடை ஏறி அடிவயிற்றிலிருந்து பாடுகிறான், நன்றாகவே பாடுகிறான். இறங்கி வந்ததிலிருந்து ஏதோ ரிக்கார்டு கம்பெனி தன்னைத் தேடி வரப் போகிறது என்கிற மிதப்பு. லீசா அவன் வயசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட, படம் முழுக்க அந்தக் காயத்தோடு திரிகிறான். கல்யாண மண்டபத்து மேடையில் ஒரு பாட்டுப் பாடிவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டிருக்கும் பெரியப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர்தான் இவர். அந்த அமளியில் அன்சாவும் ஹொலப்பாவும் பேசவே இல்லை. பார்க்கிறார்கள். வேறு பக்கம் பார்க்கிறார்கள். முடிந்தது.

அன்சாவுக்கு அடுத்த வேலை ஒரு பாரில் பாத்திரம் கழுவுவது. சம்பள நாளன்று முதலாளியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. கையில் காசில்லாமல் தெருவில் நிற்கும்போது ஹொலப்பா எதிரே வருகிறான். ஒரு காபி, கூட ஒரு பன். அவள் பன்னைச் சாப்பிடுகிற வேகத்திலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அப்புறம் சினிமா. பிணங்கள் எழுந்து மனிதர்களைத் தின்கிற படத்துக்குக் கூட்டிப் போகிறான். ஜிம் ஜார்முஷ் எடுத்த படம் அது, கவுரிஸ்மாகிக்குச் சிநேகிதர். வெளியே வருகிற இரண்டு பெரியவர்கள் அந்தப் பிணப் படத்தை பிரெஞ்சு மேதைகளோடு ஒப்பிட்டு மிகவும் சீரியஸாகப் பேசிக்கொண்டு போகிறார்கள். எங்கள் மாடியில் படம் முடிந்ததும் நடக்கிற விவாதம் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும், அதனால் அங்கே எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம்.

தியேட்டர் வாசலில் ஒரு தாளில் போன் நம்பரை எழுதிக் கொடுக்கிறாள். பெயரை அடுத்த தடவை சொல்கிறேன் என்கிறாள். அவன் தாளைச் சட்டைக்குள் வைக்கிறான், அடுத்த நிமிஷம் சிகரெட் எடுக்கக் கையை விடுகிறான், தாள் காற்றோடு போய்விடுகிறது. அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்து யுக்திதான். ஆனால் அதற்கப்புறம் வருவதுதான் பெரிசு. நம்பரும் இல்லை, பேரும் இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே விலாசம் அந்தத் தியேட்டர் வாசல். அங்கேயே வந்து நிற்கிறான். அவள் வருவதற்குள் அவன் போய்விடுகிறான். அவள் வந்து பார்க்கும்போது ஆள் இல்லை, தரையில் சிகரெட் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. கேமரா அந்தத் துண்டுகளைக் காட்டுகிறது. அவள் அவற்றைப் பார்க்கிறாள். ஒருத்தன் எவ்வளவு நேரம், எத்தனை நாள் நின்றிருக்கிறான் என்பதற்கு அதுதான் கணக்கு. இதற்கு ஒரு பாட்டு வேண்டுமா? மழை வேண்டுமா? நான் பார்த்த காதல் கடிதங்களிலேயே சுத்தமாக எழுதப்பட்டது அந்தக் குப்பைதான். சிகரெட் எனக்கு ஆகாது, வீட்டில் யாராவது பற்ற வைத்தால் கத்துவேன், அது வேறு.

இனி அந்தத் தட்டு. ஒருவழியாக மறுபடி சந்திக்கிறார்கள், சாப்பிட வீட்டுக்கு அழைக்கிறாள். வீட்டில் ஒரே ஒரு தட்டுதான் இருக்கிறது. ஒரு கத்தி, ஒரு முள்கரண்டி. கடைக்குப் போகிறாள். ஒரு தட்டு வாங்குகிறாள். ஒரு கத்தி, ஒரு முள்கரண்டி. செட்டாக ஆறு இல்லை, இரண்டுகூட இல்லை. சரியாக ஒன்று. முன்பு ஒரு இடத்தில் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினவள் இவள். அந்த ஒரு தட்டு அவள் கணக்கில் என்ன செலவு என்று நமக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்குச் சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்கள் பரண் மேல் இருபது வருஷத்துக்குத் தாங்கும் அளவுக்கு இருக்கின்றன. நம் ஊரில் தட்டுக்கா பஞ்சம். ஆனால் ஒரு ஆளுக்காக, அந்த ஆளை நினைத்து, கடையில் நின்று ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

சாப்பாடு நல்லபடியாக முடியவில்லை. அவள் ஊற்றிக் கொடுக்கிற சின்ன பாட்டில் ஒயின் அவனுக்குத் தொண்டை நனையக்கூடக் காணாது. கோட்டுக்குள் இருக்கிற குப்பியை அவளுக்குத் தெரியாமல் எடுத்து ஊற்றிக்கொள்கிறான். அவள் பார்த்துவிடுகிறாள். என் அப்பா குடித்துச் செத்தார், அண்ணன் குடித்துச் செத்தான், அம்மா அந்தத் துக்கத்தில் போய்ச் சேர்ந்தாள் என்கிறாள். குரல் உயரவில்லை. குடிகாரன் எனக்கு வேண்டாம். எனக்கு யாரும் உத்தரவு போட முடியாது என்று அவன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அவள் எழுந்து, புதுத் தட்டையும் கத்தியையும் முள்கரண்டியையும் குப்பைத் தொட்டியில் போடுகிறாள்.

அந்த இடத்தில் மாடியில் சத்தமே இல்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும் “சரிதான்” என்றார், தனக்குத் தானே.

நம் சினிமாவில் காதல் தோற்றால் பாட்டிலோடு ஒரு பாட்டு நிச்சயம். தாடி வளரும், நண்பர்கள் சுற்றி ஆடுவார்கள், குடிப்பவனுக்கு ஒரு தியாகி களை வந்துவிடும். அவனைத் திருத்துகிற வேலை கதாநாயகியின் தலையில். வீட்டிலும் அப்படித்தான், “கல்யாணம் ஆனா சரியாயிடுவான்” என்று எத்தனை பெண்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அன்சா யாரையும் திருத்தவில்லை. கெஞ்சவில்லை, சத்தியம் வாங்கவில்லை, மாத்திரை கலக்கவில்லை. கதவைக் காட்டினாள். அவன் திரும்பி வருவானா என்பது அவன் பாடு. நாடு எங்கேயோ பனிக்குள் கிடக்கிறது, ஆனால் இந்த விஷயத்தில் அவர்களும் நம் பங்காளிகள்தான். ஃபின்லாந்தில் 1919 முதல் 1932 வரை மதுவிலக்கு. அதற்கப்புறம் சாராயக் கடை அரசாங்கத்தின் கையில், ஆல்கோ என்று பெயர். நமக்கு 2003 முதல் டாஸ்மாக். ஹொலப்பாவை அப்படியே தூக்கி இங்கே ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வாரச் சம்பளம் வாங்கினதும், கடை வரிசையில் நிறுத்தினால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சரி, குறை. அவன் குடியை விடுகிற இடம் எனக்குப் போதவில்லை. ஒரு பாரில் இரண்டு சகோதரிகள் பாடுகிறார்கள். நிஜமாகவே அங்கே இருக்கிற இசைக்குழுதான், அவர்கள் பெயரை மொழிபெயர்த்தால் ‘மசாலாப் பெண்கள்’ என்று வரும். துக்கத்தில் பிறந்து ஏமாற்றத்தை உடுத்தினவள் என்கிற மாதிரி ஒரு பாட்டு. மசாலா ஒரு சிட்டிகை கிடையாது, முகம் இழவு வீட்டு முகம், தாளம் மட்டும் துள்ளுகிறது. அந்தக் காட்சி அருமை, மறுப்பே இல்லை. ஹொலப்பா அதைக் கேட்டுவிட்டுப் போய் பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றிவிடுகிறான். அப்புறம் போன் செய்கிறான், விட்டுவிட்டேன் என்கிறான். அவ்வளவு சுலபமா? என் மாமா ஒருவர் மூன்று தடவை பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றினார். ஊற்றின கை மறுநாள் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. ராத்திரி முழுக்க வேர்வை, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தல். நாலாவது நாள் அத்தையின் தோடு காணாமல் போனது. விடுவது என்பது ஒரு காட்சி இல்லை, அது பல வருஷம். படம் சொல்லாமல் சொல்கிற பாணிக்காரப் படம்தான், புரிகிறது. சிகரெட் துண்டுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இதற்கும் கொடுத்திருக்கலாம். இதைச் சொன்னபோது திரையிடல் நடத்துகிற நண்பர், “இது தேவதைக் கதைங்க்கா” என்றார். இருக்கட்டும். கரண்ட் பில் நிஜமாக இருக்கலாம், கைநடுக்கம் மட்டும் நிஜமாக இருக்கக் கூடாதா?

அன்சா வீட்டில் ஒரு பழைய ரேடியோ. எப்போது திருகினாலும் உக்ரைன் போர்ச் செய்தி. எத்தனை பேர் செத்தார்கள், எந்த ஊரில் குண்டு விழுந்தது. கேட்டுவிட்டு அணைக்கிறாள், அல்லது பாட்டு வருகிற அலைவரிசைக்குத் திருப்புகிறாள். படத்தில் இது ஏன் வருகிறது என்று சிலருக்குப் பிடிபடவில்லை. ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை வைத்திருக்கிற நாடு அது. படம் கானில் திரையிடப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்புதான், 2023 ஏப்ரலில், நேட்டோவில் சேர்ந்தது. பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும்போது இவளுக்கு ஒரு தட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இன்னொரு வேடிக்கை, சுவர்க் காலண்டரில் 2024 என்று இருக்கும். படமோ 2023. நான் கவனிக்கவில்லை, பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் காட்டினான்.

நடிப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு: நடிக்கவே இல்லையே என்று முதலில் தோன்றும். சிலைபோல நின்று, வசனத்தைத் தந்தி வாசிப்பதுபோலச் சொல்லிவிட்டு நிற்பார்கள். கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கண் பழகினதும் புருவம் அசைந்தால்கூடப் பெரிய சம்பவமாகத் தெரியும். கேமரா திமோ சல்மினென், கவுரிஸ்மாகியோடு எத்தனையோ வருஷமாக இருப்பவர். ஃபிலிமில் எடுத்திருக்கிறார்கள். ஏழை வீடு என்றால் அழுக்கும் இருட்டும் என்று நமக்கு ஒரு பழக்கம். இங்கே சுவரும் சோபாவும் சிவப்பும் நீலமும் பச்சையுமாக, பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி பளிச்சென்று இருக்கின்றன. அந்த மனிதர்கள் மேல் இயக்குநருக்கு இரக்கம் இல்லை, மரியாதை இருக்கிறது. எனக்கு இரக்கம் என்றால் கசக்கும். கடையில் இருந்தபோது தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசிப் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படமும் அங்கே கொஞ்சம் அவசரப்படுகிறது. குடியை விட்டவனை உடனே வா என்கிறாள். கூட இருப்பவனிடம் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறான், டிராம் இடித்துவிடுகிறது, கோமா. அவளுக்குத் தெரியாது, வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறாள். அப்புறம் ஹுவோதாரி சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். நினைவில்லாமல் கிடப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறாள். நம் மெகா சீரியலில் இந்த டிராம் ஆறு மாதம் ஓடியிருக்கும். இங்கே சில நிமிஷம். சட்டையிலிருந்து பறந்த தாளை நான் ஏற்றுக்கொண்டேன், இரண்டாவது தடவையும் விதி வந்து குறுக்கே படுத்தது கொஞ்சம் அதிகம். ஒரு நாய் வந்து அந்த எரிச்சலைச் சரிக்கட்டியது. அன்சா அடுத்து வேலைக்குச் சேரும் தொழிற்சாலையில் திரிந்த நாய், கொன்றுவிடப் போகிறார்கள் என்றதும் வீட்டுக்குக் கூட்டி வருகிறாள். குளிப்பாட்டி, சோறு வைத்து, அதுவும் அவளும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் பொருத்தமான நாய்.

யார் பார்க்கலாம்? வசனம் நிறைய வேண்டும் என்பவர்களுக்கு ஆகாது. சத்தமில்லாமல் சிரிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆகும். குடும்பத்தோடு தாராளமாகப் பார்க்கலாம், முகம் திருப்ப ஒன்றும் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் படத்தில் பாதி காணாமல் போய்விடும், ஏனென்றால் பாதி படம் யாரும் பேசாதபோதுதான் நடக்கிறது.

அதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. முடிவில் ஹொலப்பா ஊன்றுகோல்களோடு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருகிறான். அன்சா நாயோடு நிற்கிறாள். அங்கே அவள் கண்ணடிக்கிறாள். ஒரு நொடி. படம் முழுக்க இறுகிக் கிடந்த அந்த முகத்தில் ஒரே ஒரு கண். அப்புறம் நாய்க்கு என்ன பெயர் என்று அவன் கேட்கிறான், சாப்ளின் என்கிறாள். மூன்று பேரும் உதிர்ந்த இலைகள் கிடக்கிற வெளியில் நடந்து போகிறார்கள், அந்த இலைகளைப் பற்றிய பழைய பாட்டே பின்னால் ஓடுகிறது. வண்டியில் திரும்பும்போது, “கண்ணடிச்சா பாத்தீங்களா?” என்றேன். “யாரு?” என்றார். “அந்தப் புள்ளதான்.” “போ புள்ள, அது எங்க கண்ணடிச்சுது, அது சிரிக்கவே இல்ல” என்று சாதித்தார். பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாக்குவாதம். அப்புறம்தான் தெரிந்தது, படம் முடியப் போகிறது என்று மனிதர் அதற்குள் எழுந்து வாசலில் செருப்பைத் தேடிக் குனிந்திருக்கிறார்.